தங்கச்சியின் மாத்திரைப் பெட்டி

இஸ்திரியம்மாவுக்கு அன்றைக்கு எரிந்த வயிற்றை வைத்துக் கரண்டே இல்லாமல் நாலு சட்டை தேய்த்திருக்கலாம். சலவைக் கடைக்குத் துணி போட வந்த ஆள், நாற்காலியில் உட்கார்ந்திருந்த தங்கச்சியைப் பார்த்து, “வெளிநாட்டுலேர்ந்து வந்திருக்கறது உங்க பொண்ணாம்மா?” என்று கேட்டுவிட்டான்.

பொண்ணாம் பொண்ணு! இருவரும் இரட்டைப் பிள்ளைகள். ஒரே வயிறு, ஒரே நாள், ஒரே அறுபத்தெட்டு. இவள் கொஞ்சம் முந்திக்கொண்டதால் அக்கா, அவ்வளவுதான். கல்யாணமாகித் தங்கச்சி கடல் தாண்டிப் போனாள். அக்கா இதே தெருவில், இதே மேசை முன்னால், இஸ்திரிப் பெட்டியும் கையுமாக நின்றாள். நின்றாள் என்றால் ஆயுசுக்கும் நின்றாள். முட்டி இரண்டும் மாடிப்படியைப் பார்த்தாலே முனகும். முன்பல் இரண்டு போயாயிற்று. தங்கச்சிக்கோ பல் வரிசை கடைக் கண்ணாடியில் வைத்ததுபோல் இருக்கிறது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இவர்களுக்குப் பல்லும் முட்டியும்கூட வேறாகிவிட்டது.

சாப்பிடும்போதாவது தங்கச்சி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா?

“எங்க ஊர்ல எண்பத்தி நாலு, எண்பத்தஞ்சு வயசெல்லாம் சர்வசாதாரணம்க்கா. இங்க ஜனங்க சீக்கிரமே போயிடறாங்கன்னு பேப்பர்ல போட்டிருந்தான்.”

“ஆமாடி, நாங்கல்லாம் மூட்டை கட்டி வச்சிட்டுதான் உக்காந்திருக்கோம்” என்று அக்கா தட்டைத் தள்ளினாள். “நீ இருந்து எங்களுக்கும் சேத்து அனுபவி.”

பொறாமைதான். வேறு பேர் வைத்துப் பூசி மெழுக வேண்டாம். கூடவே பிறந்தவள் தன்னை வழியனுப்பிவிட்டு, அதற்கப்புறமும் வருஷக்கணக்காகப் பல்லைக் காட்டிக்கொண்டு திரிவாளா? அவளுக்கு முந்தி நான் போக மாட்டேன் என்று அக்கா மனசுக்குள் சபதமே போட்டாள்.

மறுநாள் காலையில் தங்கச்சி சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு, கட்டம் கட்டமாக இருந்த ஒரு பெட்டியிலிருந்து கலர் கலராக மாத்திரை எடுத்து விழுங்குவதைப் பார்த்தாள்.

“என்னடி அது?”

“சத்து மாத்திரைக்கா.” பெட்டி சட்டென்று பைக்குள் போனது.

ஓஹோ, சங்கதி இதுதானா! உடன்பிறந்தவளுக்குக்கூடக் காட்டாமல் இளமையை டப்பாவில் அடைத்து வைத்திருக்கிறாளே, கள்ளி! பொறாமை உள்ளே வந்தால் புத்தி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடும். தங்கச்சி குளிக்கப் போனதும் அக்கா பையைத் திறந்தாள். ஒரு கட்டத்தைக் காலி செய்து மொத்தத்தையும் ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, கண்ணாடியில் முகம் வேறு பார்த்துக்கொண்டாள்.

கடைக்குப் போய்ப் பாதிச் சட்டைதான் தேய்த்திருப்பாள். குப்பென்று வேர்த்தது, தலை சுற்றியது, ஆள் மேசையடியில் சரிந்தாள். கடையில் கூடவே வேலை பார்க்கும் மருமகள் “ஐயோ அத்தை!” என்று ஓடி வந்து தூக்குவதற்குள், இஸ்திரிப் பெட்டி ஒரு வெள்ளைச் சட்டையின் முதுகைப் பொசுக்கிவிட்டது. ‘உங்க பொண்ணா’ என்று கேட்டானே, அவன் சட்டை. அதற்கு மட்டும் அக்கா பிற்பாடும் வருத்தப்படவில்லை.

தெருமுனை டாக்டரம்மா குளுகோஸ் ஏற்றினார். அக்கா கண் திறந்ததும், “என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டார். அக்கா விட்டத்தைப் பார்த்தாள். தங்கச்சி பையைத் துழாவி, பெட்டியைத் திறந்து பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“என் மாத்திரைங்க டாக்டர். பிரஷருக்கு, சுகருக்கு, நெஞ்சுக்கு ரெண்டு.”

“நல்ல கூத்து! இவங்களுக்கு பிரஷரும் இல்ல, சுகரும் இல்ல. நெஞ்சு கல்லு மாதிரி இருக்கு. முட்டி மட்டும்தான் தேஞ்சிருக்கு. இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிட்டா சும்மா விடுமா?”

சாயங்காலம் அனுப்பி வைத்தார்கள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. நெஞ்சு கல்லு மாதிரியாமே! நொண்டிக்கொண்டேதான் நடந்தாள், ஆனாலும் முன்னால் நடந்தாள். தெருவில் பாதி தூரம் வந்து திரும்பிப் பார்த்தால், தங்கச்சி ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கொஞ்சம் நில்லுக்கா. மூச்சு வாங்குது.”

அக்கா திரும்பி வந்தாள்.

“நெஞ்சுல ரெண்டு ஆபரேஷன் ஆயிடுச்சு. இந்தப் பல்லுகூடக் கட்டினதுதான்.”

“அப்ப எண்பத்தி நாலு, எண்பத்தஞ்சுன்னு அளந்தியே?”

“அது ஊரோட கணக்குக்கா. அங்க லேசுல சாக விட மாட்டாங்க. அதுக்காக எல்லாரும் சுகமா இருக்காங்கன்னு அர்த்தமா? எனக்கு அவ்வளவு தூரம் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதான் உன்னைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

போட்ட சபதம் பலித்துவிட்டது. பிறந்ததிலும் முந்தி, இருப்பதிலும் முந்தப் போகிறாள். அந்தச் சந்தோஷம் எங்கே போய்த் தொலைந்தது என்றுதான் அக்காவுக்குத் தெரியவில்லை. வீடு வரைக்கும் தங்கச்சியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அடுத்த நாள் காலையிலும் தங்கச்சி பெட்டியோடு சுவர்ப்பக்கம் திரும்பினாள். அக்கா தோளைப் பிடித்து இழுத்து இந்தப்பக்கம் திருப்பி, தண்ணீர்த் தம்ளரைக் கையில் திணித்தாள்.

“சுவத்தப் பாத்து எதுக்குடி முழுங்கற? என்னைப் பாத்து முழுங்கு. ஒண்ணு விடாம முழுங்கு. நீ போயிட்டா நான் யாரைப் பாத்துடி வயிறெரியறது?”