பனி அள்ளாத காலை

1993ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முழுவதும் எனக்குத் தலையிடி. காலையில் எழும்போதே இடிக்கத் தொடங்கும். என் மகள் நிர்மலாவுக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்கூடம் புறப்படும் முன் ஒரு தடவையாவது வாந்தி எடுப்பாள். நான்கு வயது டெனிஸ் விளையாடாமல் சுருண்டு படுத்துக்கொள்வான். இதுதான் குளிர்நாட்டு வருத்தம் என்று நினைத்தேன். இந்தக் குளிர் எங்களைக் கொன்றுபோடும் என்றும் பயந்தேன். கொல்லப் பார்த்தது குளிர் அல்ல என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

செபக் கூட்டத்தில் இதை இரண்டு மூன்று தடவை வாயால் சொல்லியிருக்கிறேன். எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நான் மன்னார்ப் பக்கத்துக் கடற்கரை ஊரில் பிறந்தவள். என் கணவர் அன்ரன் கடற்றொழில் செய்தவர். டெனிஸ் வயிற்றில் இருக்கும்போது அவர் ஜெர்மனிக்கு வந்துவிட்டார். நான்கு வருடங்களுக்குப் பிறகு, 1993 செப்டெம்பர் கடைசியில், நானும் பிள்ளைகளும் டோர்ட்மண்டுக்கு வந்து சேர்ந்தோம். அதுவரை வேறு பெடியன்களோடு ஓர் அறையில் இருந்த அன்ரன், எங்களுக்காக இரண்டு அறையும் குசினியும் உள்ள வீடு ஒன்றை எடுத்திருந்தார். பழைய சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு. ஒரே படிக்கட்டில் ஆறு குடும்பங்கள். பெரிய அறையில் நிலக்கரி அடுப்பு ஒன்று இருந்தது. குளிருக்கு அதுதான் துணை. நிலவறையிலிருந்து வாளியில் கரிக்கட்டிகளைத் தூக்கிக்கொண்டு மேலே வரவேண்டும்.

ஒக்டோபரில் புஷ்பம் அக்கா வந்தார். அவர் எட்டு வருடங்களுக்கு முன்பே ஜெர்மனிக்கு வந்தவர். எங்கள் தமிழ்ப் பூசைக்கு வருகிற எல்லோரையும் தெரிந்தவர். இரண்டு பைகள் நிறையக் கம்பளி உடுப்புகளும் பிள்ளைகளுக்குச் சப்பாத்துகளும் கொண்டுவந்தார்.

"சப்பாத்து பெரிசா இருக்குது எண்டு யோசியாத பிள்ளை. உள்ளுக்கு ரெண்டு சோடி கால்மேஸ் போட வேணும்" என்றார்.

"இப்பவே குளிருதே அக்கா."

"இது குளிரே? இது காத்து. குளிர் இனித்தான் வரும். ஜன்னல் நீக்கலுகளைப் பார்த்து இப்பவே அடைச்சு வை."

அக்காவில் குற்றமில்லை. அவருடைய வீட்டில் சுடுதண்ணீர்க் குழாயால் சூடு வரும். என் வீட்டு அடுப்பை அவர் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

நான் அடைக்கத் தொடங்கினேன். இரண்டு பழைய நூல் சேலைகளைக் கிழித்துத் திரியாக உருட்டி ஜன்னல் இடுக்குகளில் திணித்தேன். அதன்மேல் மண்ணிற ஒட்டு நாடா ஒட்டினேன். கதவுக்குக் கீழே கம்பளி. அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் உள்ளங்கை அளவில் ஓர் இரும்பு வலை இருந்தது. அதன் வழியாகக் கத்திபோலக் காற்று வந்தது. அதற்குள்ளும் சேலைத் துண்டை அடைத்து நாடா ஒட்டினேன். வேலையால் வந்த அன்ரன் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கப்பல் அறை மாதிரிச் செய்திருக்கிறாய் ராணி" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த நாட்களில் நான் இரண்டு செபம் செய்தேன். ஒன்று, ஆண்டவரே, குளிர் என் பிள்ளைகளை அண்டக்கூடாது என்பது. மற்றது, கீழ் வீட்டுக்காரர் எங்கள் கதவைத் தட்டக்கூடாது என்பது.

கீழ் வீட்டில் இருந்தவரின் பெயர் பிரிங்மன். ஐம்பது வயதிருக்கும். பெரிய உடம்பு. சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். படியில் கரித்தூள் சிந்தினால் மேலே வருவார். கதவுக்கு வெளியே சப்பாத்து வைத்தால் வருவார். மணியை அடிக்கமாட்டார், கையைப் பொத்திக் கதவில் குத்துவார். அவர் சொல்லுகிறது ஒன்றும் எனக்கு விளங்காது. அவர் குத்தும்போது நான் பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு, ஆள் இல்லாததுபோல் உள்ளே இருந்த நாட்களும் உண்டு.

நவம்பர் கடைசி ஞாயிறு, பூசை முடிந்து வந்தபோது எங்கள் கதவுப் பிடியில் சிறிய மரப்பலகை ஒன்று தொங்கியது. அழகான எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. அன்று திருவருகைக் காலம் தொடங்கியிருந்தது. யாரோ கிறிஸ்மஸ் வாழ்த்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, அதை உள்ளே கொண்டுபோய் மாதா படத்துக்குக் கீழே மாட்டினேன். ஞாயிறும் வேலைக்குப் போய்க் களைத்து வந்த அன்ரன் அதைக் கவனிக்கவில்லை.

வருத்தத்தில் ஒரு விசித்திரம் இருந்தது. கோயிலுக்குப் போனால் மூன்று பேருக்கும் சுகமாகிவிடும். வீட்டுக்கு வந்து இரண்டு மணித்தியாலத்தில் திரும்பவும் தலையிடி. வெளியில் நல்ல சுகம், வீட்டில் வருத்தம் என்றால் வேறு என்ன? வீட்டில் ஏதோ தீய சக்தி இருக்கிறது என்று முடிவு செய்தேன். சுவாமியிடம் புனித நீர் வாங்கி வந்து நாலு மூலையிலும் தெளித்தேன். ஜன்னலைத் திறக்கவில்லை. வைத்தியரிடம் போகவும் அன்ரன் நேரம் எடுத்திருந்தார். புதன்கிழமைக்குத்தான் கிடைத்தது. அதற்கு முதல் திங்கட்கிழமையே எல்லாம் நடந்துவிட்டது.

அன்று காலை ஐந்து மணிக்கு அன்ரன் வேலைக்குப் புறப்பட்டார். முதல் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"பிள்ளையளை இண்டைக்கு வெளியில விடாத. அடுப்பை நிரப்பிப்போட்டுத்தான் போறன்" என்றார்.

நான் திரும்பவும் படுத்துவிட்டேன். பிள்ளைகள் அடுப்புக்குப் பக்கத்தில் மெத்தையில் கிடந்தார்கள். கண் விழித்தபோது மணி ஏழரை இருக்கும். எழும்ப நினைத்தேன், கால்கள் என்னுடையவையாக இல்லை. நிர்மலாவைக் கூப்பிட்டேன். அவள் முனகினாள். டெனிசைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. பிடித்து உலுக்கினேன். துணிப் பொம்மைபோல ஆடினான். எழுந்து நிற்க முயன்று விழுந்தேன். கத்தவும் ஏலவில்லை. "மடு மாதாவே, பிள்ளையள்" என்று மட்டும் வாயில் வந்தது. அன்று நான் செய்த செபம் அவ்வளவுதான்.

அப்போது கதவில் குத்துகிற சத்தம் கேட்டது.

அவர்தான். எனக்குத் தெரியும். மறைக்காமல் சொல்கிறேன், அந்த நிலையிலும் திறப்பதா விடுவதா என்று ஒரு கணம் யோசித்தேன். சத்தம் போடாமல் கிடந்தால் போய்விடுவார் என்று பழைய பழக்கம் சொன்னது. டெனிசின் முகத்தைப் பார்த்தேன். பிறகு முழங்காலிலும் கையிலுமாகத் தவழ்ந்து போய்ச் சாவியைத் திருப்பினேன்.

கையில் பனி அள்ளுகிற சவளோடு பிரிங்மன் நின்றார். முகம் சிவந்திருந்தது. "ஷ்னே, ஷ்னே" என்று கத்தினார். பனி என்பதற்கு அவர்களுடைய சொல் அது என்பது மட்டும் எனக்குத் தெரியும். கத்திக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். காலடியில் கிடந்த என்னைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். நாடா ஒட்டிய ஜன்னலைப் பார்த்தார். அடுத்த கணம் என்னைத் தோளில் பிடித்துப் படிக்கட்டுப் பக்கம் இழுத்துவிட்டு உள்ளே பாய்ந்தார். கண்ணாடி உடைகிற சத்தம் இரண்டு தடவை கேட்டது. பிள்ளைகளை இரண்டு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தார். கீழே பார்த்து மனைவிக்கு ஏதோ கத்தினார். டெனிசைப் படிக்கட்டு ஜன்னலடியில் கிடத்தி, ஜன்னலை அகலத் திறந்து, அவன் வாயில் தன் வாயை வைத்து ஊதினார். அவர் முதுகில் பனி விழுந்துகொண்டிருந்தது. அதன் பிறகு எனக்கு ஆம்புலன்ஸ் வந்தது மட்டும்தான் ஞாபகம்.

ஆஸ்பத்திரியில் மூவருக்கும் ஒட்சிசன் கொடுத்தார்கள். மத்தியானத்துக்குள் நானும் நிர்மலாவும் தெளிந்துவிட்டோம். டெனிஸ் கண் திறக்கவில்லை. மொழிபெயர்க்கப் புஷ்பம் அக்கா வந்தார். வைத்தியர் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு என்னிடம் சொன்னார்.

"அடுப்பிலயிருந்து வாற நச்சுக் காத்தாம் பிள்ளை. மணமும் இல்லை, நிறமும் இல்லை. இன்னும் அரை மணித்தியாலம் போயிருந்தால் மூண்டு பேரும் இல்லையாம்."

"டெனிஸ்?"

"இப்ப ஒண்டும் சொல்லேலாதாம்."

வேலை உடுப்போடு ஓடி வந்த அன்ரன் நடைபாதை நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான்தானே அடுப்பை நிரப்பினனான்" என்றார்.

"நான்தானே எல்லாத்தையும் அடைச்சனான்" என்றேன்.

செபமாலை வீட்டில் இருந்தது. விரல்களில் எண்ணிச் செபித்தோம். நான் இதுவரை கேட்டது பிழை என்றால் மன்னியும், பிள்ளையைத் தாரும் என்று கேட்டேன். அந்தச் செபத்தில் அழகான வார்த்தை ஒன்றும் இருக்கவில்லை.

மூன்று மணிபோல டெனிஸ் கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்து, "அம்மா, சலம் வருது" என்றான். தாதி சிறுநீர்ப் போத்தல் எடுக்க ஓடினார். அன்ரன் சிரித்தார், பிறகு அழுதார். என் வாழ்க்கையில் அதைவிட இனிமையான வார்த்தையை நான் கேட்டதில்லை.

பிறகு புகைபோக்கி துப்புரவு செய்கிறவர் வந்து பார்த்தார். குழாயில் பல வருடத்துக் கரி அடைத்திருந்தது. நான் சேலைத் துண்டால் மூடிய அந்த இரும்பு வலை, அடுப்புக்கு வெளிக்காற்று வருவதற்கென்று வைத்ததாம்.

அந்த ஞாயிறு ரோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டு நான்கு பேரும் பிரிங்மன் வீட்டுக்குப் போனோம். கடவுள்தான் உங்களை அனுப்பினார் என்று நான் சொன்னேன், அன்ரன் மொழிபெயர்த்தார். அவர் தலையைச் சொறிந்தார். கடவுளைப் பற்றித் தனக்குத் தெரியாது என்றார். அந்தக் கிழமை ஏழு நாளும் வாசல் நடைபாதையில் பனி அள்ளுவது எங்கள் முறையாம். ஏழு மணிக்கு முன் அள்ளியிருக்க வேண்டுமாம். அள்ளாததால் ஏசுவதற்குத்தான் வந்தாராம். நிலத்துக்குக் கீழே இப்படி விழுந்து கிடந்தவர்களை அவர் பார்த்திருக்கிறார். அதனால் எங்களைக் கண்டதும் விளங்கிவிட்டது என்றார்.

யாருடைய முறை என்று காட்டத்தான் கதவில் பலகை மாட்டியிருந்தோமே, அது எங்கே என்று கேட்டார். நான் போய் மாதா படத்துக்குக் கீழே இருந்ததை எடுத்து வந்து கொடுத்தேன். அவர் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பிறகு அவரே அன்ரனுக்குச் சவள் பிடிக்கக் கற்றுக் கொடுத்தார். மூன்று வருடங்கள் கழித்து நாங்கள் வேறு வீட்டுக்கு மாறினோம். இப்போது அவருக்குச் சுரங்கத் தூசியால் நெஞ்சு வருத்தம். அவருடைய முறை வரும் கிழமைகளில் அன்ரன் போய்ப் பனி அள்ளிவிட்டுத்தான் வேலைக்குப் போவார்.

நானும் மாறினேன். மாலை வகுப்புக்குப் போய் ஜெர்மன் படித்தேன். கதவுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதை விட்டேன். ஒக்டோபர் வந்தால், நம்மில் புதிதாக வந்த குடும்பங்களின் வீடுகளுக்கு அன்ரனோடு போவேன். முதலில் அடுப்பைப் பார்ப்போம், பிறகுதான் தேநீர். யாருக்காவது சந்தேகம் இருந்தால் கூச்சப்படாமல் கூப்பிடுங்கள்.

என் இரண்டு செபங்களையும் ஆண்டவர் நான் கேட்டபடி தரவில்லை. உடைந்த ஜன்னலால் குளிர் வீடு முழுக்க வந்தது. நான் பயந்த மனிதர் கதவில் முன்பைவிடப் பலமாகக் குத்தினார். பிள்ளைகளைக் காப்பாற்றும் என்பதுதான் என் உண்மையான வேண்டுதல் என்று எனக்கே தெரியாதிருந்தது. ஆண்டவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். கேட்கத் தெரியவில்லையே என்று கேட்காமல் இருக்காதீர்கள். பிழையாகக் கேட்டாலும் கேளுங்கள். திருத்தி வாசிக்க அவருக்குத் தெரியும்.

டெனிசுக்கு இப்போது ஒன்பது வயது. வருகிற மே மாதம் முதல் நற்கருணை வாங்குகிறான். பிரிங்மனுக்கும் சொன்னோம். கோயிலுக்குள் வந்து முப்பது வருடமாகிறது, கடைசி வாங்கில் ஓரமாக உட்காருகிறேன் என்றார். அவருக்குப் பக்கத்தில் இடம் இருக்கும். நீங்களும் வாருங்கள்.