இடது கைக்கு ஒரு குட்டைக் கியர்

என் கணவர் தேயிலை பெக்டரியில் டீமேக்கராக இருந்தார். அவருக்குப் பாரிசவாதம் வந்ததும் அங்கேதான். வாட்டிய கொழுந்தை இடது கையால் அள்ளி இறுக்கிப் பதம் பார்த்துக்கொண்டிருந்தாராம். கொழுந்து விரல்களுக்கிடையில் வழிந்து கீழே கொட்ட, அவர் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாராம். பக்கத்தில் நின்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது பேச்சு சரியாகியிருந்தது. காலும் திரும்பிவிட்டது. இடது கைதான் அரைகுறையாக நின்றது. தோளும் முழங்கையும் சொன்னதைக் கேட்டன. மணிக்கட்டும் விரல்களும் கேட்கவில்லை. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன். போடும்போது அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எங்கள் குவாட்டர்ஸ் நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே, மலை வளைவில் இருக்கிறது. நான் கீழே ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். பஸ் அதன் இஷ்டத்துக்கு வரும், மழையென்றால் வராமலும் இருக்கும். அதனால் கல்யாணமான காலத்திலிருந்தே அவர்தான் என்னைக் கொண்டுபோய் விடுவார். பழைய ஜப்பான் கார், கையால் கியர் மாற்றும் வண்டி. ஆட்டோ கியர் வண்டியெல்லாம் எங்கள் நினைப்பிலேயே இருந்ததில்லை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் வரவில்லை.

"கார் ஓட்டலாமா?" என்று அவர் டாக்டரிடம் கேட்டிருந்தார். "கையில் பிடி வரட்டும், பிறகு பார்ப்போம்" என்றார் டாக்டர். இவர் வீட்டுக்கு வந்து, "பாக்கலாம்னு சொல்லிட்டார்" என்றார்.

பெக்டரியில் லீவு நீண்டுகொண்டே போனது. அவர் வீட்டில் போனும் கையுமாக இருந்தார். ஒருநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு நனைந்துகொண்டு ஏறி வந்தேன். குடையை மடக்கக்கூட விடாமல் கூப்பிட்டார்.

"இந்தா டீச்சர், இத பாரு." வீட்டிலும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

"என்னங்க இது?"

"ஷோட் ஷிஃப்டர். இருக்கிற கியர் லீவர கழட்டிட்டு இத போடணும். நம்ம லீவர் மூணுலருந்து ரெண்டுக்கு எவ்ளோ தூரம் இழுக்கணும், தெரியுமில்ல? இதுல இவ்ளோதான்." வலது கைவிரலால் மேசையில் ஒரு சின்னக் கோடு இழுத்துக் காட்டினார். "கைய ஆட்டக்கூட வேணாம். சும்மா தள்ளுனா போதும்."

அவர் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன். கைக்கு முடியாத தூரத்தைக் கார் குறைத்துக்கொள்ளும் என்பது எனக்கும் நியாயமாகவே பட்டது.

கொழும்பில் இருக்கும் என் தம்பி அதை எங்கேயோ தேடிப்பிடித்து வரவழைத்து, பஸ்ஸில் பார்சலாகப் போட்டுவிட்டான். சாப்பாட்டு மேசையில் வைத்துப் பிரித்தோம். கறுப்பு இரும்புச் சட்டம், நடுவில் கட்டையான ஒரு லீவர். அதை மேசை விளிம்பில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். இடது உள்ளங்கையை அதன் தலையில் வைத்து முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். சுலபமாகப் போனது. எதனோடும் பொருத்தாமல் வெறும் இரும்பாக இருந்தபோது அது சுலபமாகத்தான் போனது.

ஹட்டனில் எங்களுக்குப் பழக்கமான, வண்டி திருத்தும் கராஜ் பாஸிடம் போனோம். தெரிந்த ஒருவர் காரை ஓட்டிக்கொண்டு வந்து விட்டுப் போனார். பாஸ் பெட்டியைத் திறந்து பார்த்துச் சிரித்தார்.

"ஐயா, இது ரேஸ் ஓட்டுற பொடியன்க போடுற சாமான். ஏப்ரல்ல நுவரெலியாவுக்கு வருவானுங்களே, அவனுங்கதான் கேப்பானுங்க. ஐயாவுக்கு என்னாத்துக்கு?"

"போடு பாஸ். பிறகு சொல்றேன்."

பிறகும் சொல்லவில்லை. இடது கையை ஜெர்சிப் பையில் விட்டுக்கொண்டு ஒரு டயரின் மேல் உட்கார்ந்திருந்தார். முன்சீட்டுகளுக்கு நடுவிலிருந்த பிளாஸ்டிக் மூடியைப் பாஸ் கழற்றினார். பழைய லீவரின் அடியில் கியர்பெட்டிக்குப் போகும் இரண்டு கேபிள்கள் கொக்கியில் மாட்டியிருந்தன. அவற்றை நெம்பி எடுத்து, நட்டுகளைக் கழற்றி, லீவரை அதன் சட்டத்தோடு தூக்கினார். புதியது அதே ஓட்டைகளில் உட்கார்ந்தது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கும் வித்தியாசம் விளங்கியது. புதியதில் கைபிடிக்கும் மேல்பாகம் குட்டை, கேபிளை இழுக்கும் கீழ்பாகம் நீளம்.

பாஸ் உட்கார்ந்து எல்லாக் கியரையும் போட்டுப் பார்த்தார். "டக்கு டக்குன்னு விழுது ஐயா. கொஞ்சம் கட்டியா இருக்கும், பழகணும்."

எனக்குக் 'கட்டி' என்ற சொல் காதில் நின்றது. அவருக்குப் 'பழகணும்' என்பது மட்டும் கேட்டது.

பெக்டரிக்குக் கீழே உள்ள மைதானத்தில் பழகினார். முதலாம் கியரும் இரண்டாம் கியரும் மாற்றி மாற்றி, மெதுவாக. விரல்களால் பிடிக்க முடியாததால் உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் தள்ளினார், மணிக்கட்டை வளைத்து இழுத்தார். ஐந்தாறு தடவைக்கு ஒருமுறை கியர் விழாமல் நின்றுவிடும். அப்போது வலது கையைக் கொண்டுவந்து போட்டுவிட்டு என்னைப் பார்ப்பார். நான் வெளியே பார்ப்பேன்.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு ரோட்டுல எடுப்போமே" என்றேன்.

"அவர் என்னா, கார்ல ஏறியா பாப்பாரு?"

ஒரு திங்கட்கிழமை காலை என்னைப் பள்ளிக்கூடத்தில் விடக் கிளம்பினார். வேண்டாம் என்று சொன்னேன். சொல்லிவிட்டு ஏறியும் உட்கார்ந்தேன். விடிகாலை மழையில் ரோடு ஈரமாகக் கிடந்தது. மேட்டுப் பகுதி நன்றாகவே கடந்தது. இறக்கத்தில், வளைவுக்கு முன்னால், மூன்றிலிருந்து இரண்டுக்கு இழுத்தார். லீவர் பாதியில் நின்றது. மறுபடி இழுத்தார். எந்தக் கியரிலும் இல்லாமல் கார் தன் பாட்டுக்கு இறங்க ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்திருந்தால் போதும். ஆனால் அவருக்கு அந்தக் கியரைப் போட்டே ஆகவேண்டும் போலிருந்தது. வலது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து லீவரைப் பிடித்தார். அந்த நேரம் கீழேயிருந்து பஸ் ஹார்ன் அடித்தது.

"என்னங்க!" என்று கத்தினேன். பிரேக்கை மிதித்துக்கொண்டே ஸ்டியரிங்கை ஒடித்தார். இடப்பக்கச் சக்கரங்கள் ரோட்டோரத் தண்ணீர்க் கானில் இறங்கி, கார் சாய்ந்து நின்றது. பஸ் எங்களை உரசாமல் ஏறிப் போனது. எனக்கு நெற்றியில் ஒரு வீக்கம், அவ்வளவுதான்.

மேல் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு இறங்கி ஓடி வந்தார்கள்.

"ஐயோ, நம்ம டீமேக்கரய்யா! ஒண்ணும் ஆகலையே டீச்சர்?"

நான் இறங்கினேன். அவர் இறங்கவில்லை. "எறங்குங்கையா, வண்டி லேசாவும், நாங்க தூக்கிருவோம்" என்றாள் ஒருத்தி. அவர் கண்ணாடிக்கு வெளியே நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இடது கை இன்னும் லீவரின் மேல் கிடந்தது, விரல்கள் பாதி மடிந்தபடி. அவர்களுக்கு முன்னால் அந்தக் கையை எடுத்துக்கொண்டு இறங்க அவருக்கு மனம் வரவில்லை என்று எனக்குப் புரிந்தது. அவர்களிடம் அதைச் சொல்ல முடியவில்லை. கடைசியில் அவரையும் சேர்த்தே தூக்கி ரோட்டில் வைத்தார்கள். அத்தனை பேரும் சிரித்தார்கள், அன்பாகத்தான். அந்தச் சிரிப்பு அவரை என்ன செய்தது என்று எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம், "பழைய லீவரையே திருப்பிப் போட்டுருவோமா?" என்று கேட்டேன்.

"லீவர்ல ஒரு குத்தமும் இல்ல" என்றார்.

நான் ஹட்டனில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தேன். கிளச், பிரேக், ஸ்டியரிங் மூன்றையும் ஒன்றாகச் செய்ய எனக்கு வரவில்லை. எல் போர்டைக் கட்டிக்கொண்டு எங்கள் காரிலும் மைதானத்தில் பழகினேன். அவர் இடப்பக்கச் சீட்டில் உட்கார்ந்திருந்தார். கியர் மாற்றக் குனிந்தால் நான் ரோட்டை விட்டுவிடுவேன், என்ஜின் அணைந்துபோகும். அப்படி அணைந்து அணைந்து நான் அழும் நிலைக்கு வந்தபோது அவருடைய வலது கை லீவரின் மேல் வந்தது.

"நீ கிளச்ச மட்டும் மிதி. கியர நான் பாத்துக்கிறேன்."

இடப்பக்கச் சீட்டில் உட்கார்ந்தால் அவருடைய நல்ல கைக்குப் பக்கத்தில்தான் கியர் இருக்கிறது. அதுவரை எங்கள் இருவருக்குமே அது தோன்றவில்லை. நான் மிதித்தேன், அவர் தள்ளினார். அந்தக் குட்டை லீவர் அவருடைய வலது கைக்கு எத்தனை லாகவமாக விழுந்தது! "மிதி. விடு. மிதி. விடு" என்று சொல்லிக்கொண்டே வருவார். மைதானத்தைச் சுற்றி மூன்றாம் கியர் வரை போனோம். "பாத்தியா, சாமான்னா இதான் சாமான்!" என்று சத்தமாகச் சிரித்தார்.

பிறகு தோட்டத்து ரோட்டிலும் அப்படியே ஓட்டினோம். சரியில்லை என்று தெரிந்தும் ஓட்டினோம். சொல்லப்போனால், நோய்க்குப் பிறகு எங்களுக்குள் மிகக் குறைவாகச் சண்டை நடந்த காலம் அதுதான்.

ஆனால் டிரைவிங் ஸ்கூல்காரர் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். "மிஸ், கிளச்ச மிதிச்சுட்டு யாருக்காக பாத்துக்கிட்டு இருக்கீங்க? கியர நீங்கதான் போடணும்." நான் உண்மையிலேயே காத்துக்கொண்டுதான் இருந்தேன். ஒருதடவை பரீட்சையில் தவறி, அடுத்த தடவை லைசன்ஸ் எடுத்தேன்.

அதற்குப் பிறகும் நான் ஓட்டும்போது அவருடைய கை லீவரின் மேலேயே இருந்தது. எடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. நான் கையைக் கொண்டுபோனால் அவருடைய கையின் மேல்தான் வைக்க வேண்டும். ஹட்டன் ஆஸ்பத்திரிக்குக் கைப்பயிற்சிக்காக அவரைக் கூட்டிப்போகும் வழியில், மழையும் பனிமூட்டமுமாக இருந்த ஒரு நாளில், நான் கிளச்சை மிதிக்கும் முன்பே அவர் இரண்டுக்கு இழுத்தார். கியர்பெட்டி அலறியது, கார் குலுங்கியது, பின்னால் வந்த லொறி சடாரென்று பிரேக் போட்டது.

"கைய எடுங்க!"

வகுப்பறையில் பிள்ளைகளை அதட்டும் குரல் அது. அவர் எடுத்துவிட்டார். மடியில் கிடந்த இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு ஹட்டன் வரைக்கும் அப்படியே வந்தார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அந்தக் கை திரும்பவும் வந்துவிடும் என்று பயந்தேன்.

அடுத்த வாரம் பயிற்சிக்குப் பஸ்ஸிலேயே போய்க்கொள்வதாகச் சொன்னார். போனார். நான் தனியாக ஓட்டினேன், எல்லாக் கியரையும் நானே போட்டுக்கொண்டு. அந்தக் கட்டியான லீவர் என் கைக்குப் பழகிவிட்டது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்தேன். பயிற்சி முடிந்து வந்து, நோட்டன் பிரிட்ஜில் மேலே போகும் பஸ்ஸுக்காக அவர் மழையில் நின்றிருந்தார். காரை ஓரமாக நிறுத்தி இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டேன். அவர் அதைச் சாத்திவிட்டு, பின்கதவைத் திறந்து பின்சீட்டில் ஏறினார்.

"முன்னுக்கு வாங்களேன்" என்றேன்.

"இங்க வசதியா இருக்கு. நீ ஓட்டு."

இப்போதெல்லாம் பின்னால்தான் உட்காருகிறார். டாக்டர் இனிமேல் ஓட்ட வேண்டாம் என்று முடிவாகவே சொல்லிவிட்டார். பெக்டரியிலும் அவருடைய இடத்துக்கு வேறொருவர் வந்தாயிற்று. சட்டையின் மேல்பொத்தான் இரண்டை அவரே போட்டுக்கொள்கிறார். நாங்கள் போவதைப் பார்க்கும் தோட்டத்து ஆட்கள், ஐயாவுக்கு டீச்சர் டிரைவர் என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். வழியில் நான் பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்வார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நான் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். வளைவுகள் நிறைந்த ரோடு, அதைச் செய்ய நேரம் கிடைப்பதில்லை.