பொய்யான ஏழு நாள்

ரமலான் நெருங்கினால் திருப்பாலைக்குடி மஜீதாவுக்குப் பயம் வந்துவிடும். பசிக்குப் பயப்படுகிற பிறவியில்லை அவள். முப்பது நோன்பையும் விடாமல் பிடித்துவிடுவோமே என்றுதான் கவலை.

மாதவிலக்கு நாளில் பெண்களுக்குத் தொழுகையும் இல்லை, நோன்பும் இல்லை. கொழுந்தன் மனைவி சல்மா மாதாமாதம் அப்படி ஒதுங்குவாள். மஜீதாவுக்கோ ஐந்து மாதம், ஆறு மாதம் ஆனாலும் வராது. கல்யாணமான மறுவருஷம், 2003இல், முப்பதையும் பிடித்தாள். மருமகள் உண்டாகிவிட்டாள் என்று மாமியார் காலிதா தெருவெல்லாம் சொல்லிவிட்டார். பெருநாள் போனது, வயிறு அப்படியே இருந்தது. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? "நாளே வராதவள வச்சிக்கிட்டு என்ன செய்ய? மதாருக்கு வேற ஒண்ணு பாக்க வேண்டியதுதான்" என்று மாமி யாரிடமோ சொன்னது அடுப்படிவரை கேட்டது. புருஷன் மதார் சவூதியில், தம்மாமில் வேலைக்கு இருந்தான். போனில் மூன்று நிமிஷம் பேசுகிறவனிடம் இதையெல்லாம் எங்கே சொல்வது?

மறுவருஷ ரமலானிலிருந்து மஜீதா பொய் சொல்லத் தொடங்கினாள். "தொழுகை இல்ல மாமி" என்று ஏழு நாள். விடியுமுன் உண்ணும் சஹருக்கு எழ மாட்டாள். மத்தியானச் சோற்றை அறைக்குக் கொண்டுபோய், கொல்லைக் கதவு வழியே கோழிகளுக்குப் போடுவாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு தன்னந்தனியே தொழுவாள். நோன்பை விட மனசு வரவில்லை, பாவி மகளுக்கு! பெருநாள் கழிந்தால் விட்டுப்போன நோன்பு என்று ஊருக்காக இன்னொரு ஏழு நாள் பட்டினி. கோழிகளுக்கு யோகந்தான், கொழுத்துத் திரிந்தன.

2006இல் பல்வலி என்று சொல்லிவிட்டு இராமநாதபுரம் போய் லேடி டாக்டரைப் பார்த்தாள். டாக்டரம்மா கண் முதலில் போனது கழுத்தின் கருப்புக்கு. அழுக்கு என்று மாமி தேய்க்கச் சொல்லித் தேய்த்ததில் தோலே கன்றியிருந்தது. ஸ்கேன், ரத்தம் எல்லாம் பார்த்த பிறகு சொன்னார்.

"இது அழுக்கு இல்லம்மா. சினைப்பையில நீர்க்கட்டி இருக்கு. ஒடம்புல இன்சுலின் நெறையச் சுரக்குது, ஆனா ஒடம்பு அது சொல்லுறதக் கேக்கல. அதான் நாளும் தள்ளிப்போகுது, மோவாயில முடியும் வளருது. ஒம்மேல குத்தமில்ல."

அந்தக் கடைசி வார்த்தைக்கு மஜீதா அங்கேயே அழுதுவிட்டாள். அதுவரை யாரும் அவளிடம் அதைச் சொன்னதில்லை.

மாத்திரை போட்டாள், சோற்றைக் குறைத்தாள், மீன் வாங்கும் சாக்கில் தினமும் கடற்கரைவரை நடந்தாள். நோன்பில் மாத்திரையை எப்போது போடுவது என்றும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டாள். ரமலான் வந்தது. வழக்கம்போல முதல் வாரமே அந்த ஏழு நாளையும் சொல்லி முடித்தாள்.

பதினெட்டாம் நோன்பு. சாயங்கால அஸர் தொழுகைக்காகக் கைகால் கழுவப் போனவள் சேலையில் கறை கண்டாள். வந்தேவிட்டது! சிரிப்பும் அழுகையுமாகக் குளியலறையிலேயே நின்றாள். ஓடிப்போய்ச் சொல்லத்தான் ஓர் ஆள் இல்லை.

கூடத்தில் பாய் விரித்துவிட்டு மாமி கூப்பிட்டார். இந்த நிலையில் போய் நிற்கக் கூடாது.

"தொழுகை இல்ல மாமி."

"என்னடி கூத்து? இப்பத்தானே ஏழு நாள் இருந்த?"

"அது பொய் மாமி. மூணு வருசமும் பொய்யி. இன்னைக்குத்தான் நெசம்."

"அப்ப நோன்ப விட்டதெல்லாம்?"

"விடல மாமி. சஹர் இல்லாமலே பிடிச்சேன்."

காலிதா பாயிலேயே உட்கார்ந்துவிட்டார். "அடிப் பாதகத்தி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்ல?"

"ஒங்களுக்குப் பயந்துதானே மாமி மறைச்சேன்" என்றாள் மஜீதா.