உலான் காற்றில் செவலை

மூன்றாம் முறையில் தேறி வாங்கிய ஓட்டுநர் உரிமம். தாய்வீட்டுச் சீராக வந்த செவலைப் பசுவைக் கொடுத்து மாற்றிக்கொண்ட சீன மோட்டார் சைக்கிள். தலைத்துணிக்கு மேல் ஹெல்மெட் போட்டுக்கொள்ள மாமியார் வாயிலிருந்து ஒருவழியாக வந்த "போட்டுத் தொலை". மழையிலும் கையை இறுக்காமல் ஓட்டும் பழக்கம். மைரம் ஜெயித்தவை இவை. எதையும் யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை. அக்கா வீட்டுப் படியில் குந்தி, காலுறைக்கு மேல் ரொட்டிக்கடைப் பையை இழுத்து, கணுக்காலில் ரப்பர் வளையம் போடும்போது அவள் முகத்தில் ஜெயித்த களை ஒன்றும் தெரியாது. ஈரத்துக்குப் போகிறவளின் முகம்தான் தெரியும்.

ஹெல்மெட் கண்ணாடியின் உட்புறம் சோப்புக் கட்டியைத் தேய்த்துத் துணியால் துடைப்பாள். மூச்சுப் பட்டு மங்காமல் இருக்கும். பிறகு ஒரு குருத்தை, கல்லாகக் காய்ந்த அந்தத் தயிர் உருண்டையை, கன்னத்தில் அடக்கிக்கொள்வாள். பசிக்கு அல்ல. "பல்லக் கடிச்சா தோள் இறுகும். தோள் இறுகுனா கை இறுகும். கை இறுகுனா செவலை தன் இஷ்டத்துக்குப் போயிரும்" என்பாள். வாயில் குருத் இருந்தால் பல்லைக் கடிக்க முடியாது.

மோட்டார் சைக்கிளுக்கும் செவலை என்றே பெயர். வண்டி என்னவோ நீல நிறம். பசு போன இடத்துக்கு வந்ததால் பசுவின் பெயரே நிலைத்துவிட்டது. கோக்-தாஷ் கிராமத்தில் அவள் மருமகளாக இருந்த வீட்டில் இதைச் சொல்லிக் காட்டாத நாளில்லை. கணவனின் அண்ணன் சேய்தாலி காலைத் தேநீருக்கு உட்கார்ந்ததும் ஆரம்பிப்பார்: "மருமகளே, உன் செவலை இன்னைக்கு எத்தனை லிட்டர் குடிச்சுது? முன்னல்லாம் அது குடுக்கும், நாங்க குடிப்போம்." எல்லாரும் சிரிப்பார்கள். மைரம் கிண்ணத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டே இருப்பாள். ஊற்றுகிற வேலை அவளுடையது.

கோக்-தாஷிலும் அதை அடுத்த இரண்டு குடியிருப்புகளிலும் பார்சல் கொடுக்கும் வேலை அந்த சேய்தாலியின் பெயரில் இருந்தது. காலையில் பாலிக்ச்சி நகரிலுள்ள கிடங்கில் பையை எடுத்து, வீடு வீடாகக் கொடுத்து, ஊர்க்காரர்கள் அனுப்புவதை வாங்கிக்கொண்டு, தலைநகர் பிஷ்கெக்குக்குப் போகும் லாரி கிளம்புவதற்குள் கிடங்கில் சேர்க்க வேண்டும். சேய்தாலிக்கு முழங்கால் வலி வந்ததிலிருந்து சுற்றியதெல்லாம் மைரம்தான். முதலில் குதிரையில், பிறகு வழியில் கிடைத்த வண்டிகளில். கணவன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனவன். முதலில் ஃபோன் வந்தது, பிறகு அதுவும் நின்றது. போக்கிடம் இல்லாதவள் சொன்னதைச் செய்வாள் என்று அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லத் தேவைப்படவில்லை.

பை எடுக்கும்போது கிடங்கில் கையெழுத்துப் போட வேண்டும். வேலை யார் பெயரிலோ அவருடைய கையெழுத்து. அதற்கும் சேய்தாலி வழி சொன்னார்: "எம் பேரையே எழுதிட்டு வா. யாரு பாக்கப் போறா." மூத்தாரின் பெயரை மருமகள் வாயால் சொல்வது அங்கே வழக்கமில்லை. மைரம் அவரைப் "பெரியவர்" என்பாள். அதே பெயருள்ள பக்கத்து வீட்டுக்காரனைக்கூட "பெரியவர் பேருக்காரர்" என்றுதான் சொல்வாள். வாயால் சொல்லக் கூடாத பெயரை ஒவ்வொரு காலையும் கையால் எழுதினாள். எழுதி எழுதி, அவர் போடுவதைவிட அவள் போடும் சேய்தாலி அழகாக வந்தது. இதைக் கேட்ட அன்று அவள் அக்கா சூரா தைத்துக்கொண்டிருந்த மடிப்பைப் பிரித்துவிட்டு மறுபடி தைத்தாள்.

சூரா பாலிக்ச்சியின் மேற்குக் கோடியில் திரைச்சீலை தைப்பவள். எட்டாவதோடு படிப்பு நின்றது. தைத்ததை அளந்து, அளந்ததைத் திரும்ப அளக்கும் கை. உலான் என்கிற மேற்குக் காற்று போம் என்ற மலையிடுக்கிலிருந்து வெளியே வந்ததும் முதலில் பிடித்து ஆட்டுவது அவள் வீட்டுப் பாப்லர் மரங்களைத்தான். மரம் குனிந்ததும் தங்கைக்கு ஃபோன் போடுவாள். "கிளம்பிட்டான்" என்று ஒரே சொல். ஏரிக்கரைச் சாலையில் அந்தக் காற்று கோக்-தாஷுக்குப் போய்ச் சேர்வதற்குள் மைரம் கையுறையை மாட்டிவிடுவாள்.

வண்டி ஓட்டக் கிடங்குக்காரர்கள்தான் சொன்னார்கள்; இல்லையென்றால் பை கிடையாது என்றார்கள். மைரம் குதிரை மேல் வளர்ந்தவள். அதுதான் வினையாயிற்று. குதிரை மேல் பயம் வந்தால் கை தானாகக் கடிவாளத்தை இழுக்கும். மோட்டார் சைக்கிளில் அதே கை முன் பிரேக்கை இழுத்தது. ஈரச் சாலையில் முன் சக்கரம் வழுக்கி, முதல் மாதம் முழுக்க அவள் முழங்கை நீலமாக இருந்தது. இன்னொரு நாள் மழையோடு காற்று வந்தபோது, மலையில் குதிரைக்காரர்கள் செய்கிற மாதிரி வண்டியின் பின்பக்கத்தைக் காற்றுக்குக் காட்டி நிறுத்தி, தலை குனிந்து நின்றாள். குதிரை என்றால் நாலு காலையும் ஊன்றி நின்றிருக்கும். செவலை காற்றோடு சாய்ந்து அவள் மேல் படுத்தது. வந்த லாரிக்காரன் இறங்கி வண்டியைத் தூக்கிவிட்டு, "ஏம்மா, அதுக்குக் காலு ரெண்டுதான், எண்ணிப் பாக்கலையா?" என்று கேட்டான். அதை மைரம் தானே எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

சிரிக்காத ஒன்று உண்டு. பெரியவர் ஒருவர் நடந்து வந்தால் பெண்கள், அதிலும் மருமகள்கள், அவருக்கு முன்னால் குறுக்கே போவதில்லை. வழியை வெட்டுவது என்பார்கள். அவர் கடந்து போகும்வரை நின்று, பிறகே போக வேண்டும். கையில் தண்ணீர் வாளி இருந்தாலும், அழுகிற குழந்தை இருந்தாலும் அப்படித்தான். உரிமத்துக்கான இரண்டாவது சோதனையில் மைரம் தோற்றது இதனால்தான். கூம்புகளைச் சுற்றி ஒழுங்காக வந்துகொண்டிருந்தவள், திடலின் ஓரத்தில் கிழக் காவல்காரர் ஒருவர் மெல்லக் குறுக்கே நடக்கவும் பிரேக் போட்டுக் காலை ஊன்றிவிட்டாள். அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். "பரீட்சையிலகூடவா?" மூன்றாம் முறை போனபோது உலான் வீசியது. வரிசையில் நின்ற இரண்டு இளைஞர்கள் நாளை வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்கள். மைரம், "நாளைக்கும் காத்து இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். அன்றைக்குத் திடலில் பெரியவர் யாரும் இல்லை.

அடுத்து வந்த வசந்தத்தில், பனியும் மழையும் கலந்து கொட்டிய ஒரு நண்பகல், கோக்-தாஷ் சந்துக்குள் அவள் திரும்பியபோது சேய்தாலி தொழுகை முடிந்து வந்துகொண்டிருந்தார். வண்டிச் சத்தம் கேட்டது அவருக்கு. சந்தின் நடுவில் நின்று, கைத்தடியை ஊன்றி, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவரிடம் பேச்சுக் கொடுத்தார். அவருக்கு முன்னால் வண்டி போக இடம் இருந்தது. மைரம் பிரேக்கை இழுத்தாள். ஈரக் களிமண். தோள்பட்டை எலும்பு முறிந்தது.

சேய்தாலி மேலிருந்து பார்த்தார். "நான் அப்பவே சொன்னேன்ல" என்றார். கிடங்குக்கும் அவரே ஃபோன் பண்ணினார்: காற்றில் விழுந்துவிட்டாள், பொம்பளைக்கு இந்தக் காற்று தாங்காது, பட்டணத்தில் தன் மகன் எர்மெக் கார் வைத்திருக்கிறான், அவனை வரச் சொல்கிறேன் என்று.

ஆஸ்பத்திரியில் சூரா கேட்டாள், காற்று அவ்வளவா அடித்தது என்று. மைரம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"காத்து இல்லக்கா. பெரியவர்."

"அதக் கிடங்குல சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா, அவரு வழியில நான் வந்தேன்னுதான் ஆகும்."

எலும்பு கூடியதும் அவள் ஏரிக்கரை ஈர மணலுக்கு வண்டியைக் கொண்டுபோனாள். காற்றில்லாத நாளைத் தேடுகிற வேலையை விட்டுவிட்டு, காற்றுள்ள நாளாகப் பார்த்துப் போனாள். சூரா தையல் நாடாவால் அளந்து, சம தூரத்தில் கல் வைப்பாள். ஒரு கல் காற்றில் புரண்டால் மறுபடி அளந்து வைப்பாள். மைரம் கல்லுக்குக் கல் போய் நிறுத்தப் பழகினாள். முன்கூட்டியே கியரைக் குறைத்து, பின் பிரேக்கை மெல்ல மிதித்து, முன் பிரேக்கைக் கடைசியில் விரல் நுனியால் தொட்டு நிறுத்துவாள். "இழுக்காத, கேளு" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். பக்கக் காற்று தள்ளும்போது முழங்காலால் டேங்கை அணைத்துக்கொண்டு கையைத் தளர்த்த வேண்டும் என்பதும், லாரி காற்றை மறைக்கும் நேரத்தைவிட லாரி விலகும் நொடிதான் ஆபத்து என்பதும் அங்கேதான் பிடிபட்டன. விழுந்தாள். எழுந்தாள். சூரா ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

இலையுதிர்காலத்தில் சேய்தாலி வேலையை விடுவதென்று ஆனது. கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் நாஸிரா நேராகப் பேசுகிற பெண். மைரத்தைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "இந்த மாசம் ஒரு நாள்கூட லாரிய விடாம பை வந்து சேந்தா, வேலை உன் பேர்ல. ஒரு நாள் தவறினாலும் அவரு மகனுக்கு. அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது."

மாதத்தின் கடைசி நாள்வரை பை தவறவில்லை. கடைசி நாள் மதியம் சூரா வீட்டுப் பாப்லர் மரங்கள் தரையைப் பார்த்து வளைந்தன. மழை கீழே விழவில்லை, படுக்கைவாட்டில் போனது. சூரா ஃபோன் போட்டாள். "கிளம்பிட்டான். மழையும் கூட வருது. வர்றதா இருந்தா இப்பவே வா."

"வர்றேன்க்கா" என்ற சத்தத்துக்குப் பின்னால் செவலையின் இன்ஜின் கேட்டது.

சூரா தையலைப் போட்டுவிட்டுக் கிடங்குக்குப் போய் நின்றாள். லாரிக்காரர் கதவைத் திறந்துபோட்டு, சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். மைரம் வருவதற்கு முன் சேய்தாலியின் ஃபோன் வந்தது. நாஸிரா பேசியது கொஞ்சம்தான். அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது. "என் வழிய வெட்டிட்டுப் போறா. ஊரே பாக்க. நான் சந்துக்கு நடுவுல நிக்கிறேன், மூஞ்சிக்கு முன்னால சேத்தை அடிச்சிட்டுப் போறா. பெரியவங்களை மதிக்கத் தெரியாதவளுக்கு வேலை குடுப்பீங்களா? இந்த வீட்டு வாசப்படிய இனி அவ மிதிக்கக் கூடாது." நாஸிரா ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். லாரிக்காரர் கொறிப்பதை நிறுத்தியிருந்தார்.

சூராவுக்கு முதலில் தோன்றியது சின்ன விஷயம்தான். வீட்டில் இருப்பது ஒரே மெத்தை. இன்னொன்றுக்கு உறை தைக்க வேண்டும்.

லாரி இன்ஜினைக் கிளப்பிய நேரத்தில், சாலையின் கோடியில் முகப்பு விளக்கு ஒன்று தெரிந்தது. வண்டி காற்றின் பக்கமாகச் சாய்ந்தபடியே நேராக வந்தது. பக்கத்தில் வந்த பிறகுதான் மைரத்தின் மேல் மழைக்கோட்டு இல்லை என்பது தெரிந்தது. அது பையின் மேல் சுற்றிக் கட்டியிருந்தது. அவள் கியரைக் குறைத்து, மெல்ல மிதித்து, கிடங்குப் படிக்குச் சரியாக ஒரு சாண் முன்னால் நிறுத்தினாள். சூரா மனதுக்குள் நாடா பிடித்து அளந்தாள். லாரிக்காரர் பையைத் தூக்கி, உதறிப் பார்த்து, "சொட்டு ஈரம் இல்ல" என்று உள்ளே எறிந்தார்.

நாஸிரா படியில் நின்றுகொண்டு கேட்டாள். "பெரியவர் வழிய வெட்டினியா?"

"வெட்டினேன்."

"மழையில நிறுத்த முடியலயா?"

அப்படிச் சொல்லிவிட்டால் போதும் என்று நாஸிராவின் குரல் சொல்லிக் கொடுத்தது. மைரம் கன்னத்தில் இருந்த குருத்தைத் துப்பினாள்.

"முடியும். இப்ப எனக்கு நிறுத்தத் தெரியும். நிறுத்தல."

நாஸிரா உள்ளே போய்ப் பதிவேட்டைத் திருப்பி வைத்தாள். அந்த வீட்டு மூலையில் மைரத்தின் பெட்டி இருந்தது, குளிர்காலச் சால்வை இருந்தது, கணவனின் ஒரே புகைப்படமும் இருந்தது. அவற்றை இனி யார் எடுத்துக் கொடுப்பார் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

மைரத்தின் வலது கை ஆக்ஸிலரேட்டரைப் பிடித்த வடிவிலேயே விறைத்துப்போயிருந்தது. சூரா அந்த விரல்களைத் தன் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து நீட்டப் பார்த்தாள். "விடுக்கா, இப்படியே வரும்" என்று மைரம் கையை விடுவித்துக்கொண்டாள். மடங்கிய விரல்களுக்கு நடுவில் இடது கையால் பேனாவைச் செருகினாள். பேனா பழக்கத்தில் 'சே' என்று எழுதிவிட்டது. அவள் அதைப் பார்த்தாள். குறுக்கே ஒரு கோடு இழுத்தாள், தாள் கிழிகிற மாதிரி. பக்கத்தில் எழுத்து எழுத்தாக, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுவதுபோல், மைரம் என்று எழுதினாள். ஈரக் கையிலிருந்து சொட்டிய தண்ணீரைச் சூரா தலைத்துணி முனையால் ஒற்றி எடுத்தாள், எழுத்து கலையாமல். அதற்கு நேரே நாஸிரா தேதியை நிரப்பினாள்: 2023 அக்டோபர் 31.