ரெண்டு நாளைக்கான மாத்திரை

ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. பள்ளியில் தேர்வு அறை மேற்பார்வைக்கு நின்றபோது அடிவயிறு கல்லாக இறுகி, பிறகு தளர்ந்தது. வாயு என்று நினைத்துச் சுக்கு வெந்நீர் குடித்தேன். வீட்டுக்கு வந்து மீன் கழுவும்போது மறுபடி இறுகியது. மாமியார் என் முகத்தைப் பார்த்தார். உடனே ஆட்டோவுக்குப் போன் செய்தார்.

பக்கத்து மருத்துவமனையில் டாக்டரம்மா சோதித்துவிட்டு, பிரசவ வலி தொடங்கிவிட்டது என்றார். ஓர் ஊசி போட்டு, விழுங்க மாத்திரையும் கொடுத்தார்கள். அட்டையை வாங்கிப் பார்த்த மாமியார் திடுக்கிட்டார்.

"இது எங்க வீட்டுக்காரரு திங்குற பிரஷர் மாத்திரை இல்லியா? இவளுக்குப் பிரஷரே கெடையாதே."

"அதேதாம்மா. கர்ப்பப்பை இறுகுறதையும் இது தளர்த்தும்."

"அப்போ வலி நிண்ணுருமா?"

"பிரசவத்த நிறுத்தாது. தள்ளிப்போடும். ரெண்டு நாள் கிடைச்சா அந்த ஊசி பிள்ளையோட நுரையீரலுக்கு வேலை செஞ்சிரும். குறைமாசப் பிள்ளைகளப் பாக்க வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கும் போயிரலாம்."

நான் மாத்திரையை வாங்கி விழுங்கினேன்.

மாத்திரை உள்ளே போனதும் முகம் எரிந்தது, தலை வலித்தது, நெஞ்சு படபடத்தது. எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது. ஆனால் இடப்பக்கம் சரிந்தே கிடக்கச் சொல்லியிருந்தார்கள். வயிற்றில் எது அசைந்தாலும் அது வலியா, பிள்ளையின் உதையா என்று சந்தேகம். தோஹாவில் வேலை பார்க்கும் கணவர் விடாமல் அழைத்தார். ஒவ்வொரு முறையும் "கொறஞ்சிருக்கா?" என்ற கேள்விதான். போனை மாமியாரிடம் நீட்டிவிட்டேன்.

"ஏலே, சும்மா சும்மா விளிக்காத. என்னவாவது உண்டும்னா நான் சொல்லுவேன்."

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஆம்புலன்ஸ் வடசேரி நெரிசலில் மாட்டிக்கொண்டது. மாமியார் என் கையைப் பிடித்தபடி மாதாவை விடாமல் கூப்பிட்டார். எனக்குத் தாங்கவில்லை.

"மனசுக்குள்ள ஜெபிங்க மாமி."

"செரி மக்கா," என்று வாயை மூடிக்கொண்டார். உதடுகள் மட்டும் அசைந்தன.

மறுநாள் அங்கே அந்த நுரையீரல் ஊசியை இரண்டாவது முறையும் போட்டார்கள். வலி விட்டுவிட்டு வந்தது. நேரம் என்ன என்று நான் கேட்டுக் கேட்டு நர்ஸுகள் சலித்துப்போனார்கள். மூன்றாம் நாள் காலையில் இடைவெளியே இல்லாமல் வலித்தது. இன்னொரு மாத்திரை தாருங்கள் என்று கெஞ்சினேன்.

"இனி வேண்டாம்," என்றார் அங்கிருந்த டாக்டர். "பிள்ளைக்கு வேண்டிய நேரம் கிடைச்சாச்சு."

மகள் பிறந்தாள். மெலிந்த குரலில் அழுதாள். அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சில நாட்கள் மூக்கில் குழாய் வழியாகக் காற்று கொடுத்தார்கள். பிறகு தானாகவே மூச்சுவிட்டாள். இருப்புக்கொள்ளாமல் குறைமாதப் பிள்ளைகள் அறையின் கண்ணாடிக் கதவு முன்னால் நான் நடந்துகொண்டே இருந்தேன்.

ஒரு மாதத்துக்கு மேல் கழிந்து வீட்டுக்கு வந்தோம். பார்க்க வந்த சொந்தக்காரர்களை மாமியார் வாசலிலேயே நிறுத்தினார். "சோப்பு அங்க இருக்கு. கைய கழுவிட்டு தூரத்துல நிண்ணு பாருங்க. ஒருத்தரும் முத்தம் குடுக்கப்பிடாது."