முள்ளில்லாத பிளாக்பெரிக்குப் பக்கத்தில் நான் நட்டது

எங்கள் சமூகத் தோட்டத்தின் வாசலில் ஒரு பலகை இருக்கிறது. மண்ணில் நடக்கூடாத செடிகள் என்று மூன்று பெயர்கள் அதில் உண்டு: மூங்கில், புதினா, பிளாக்பெரி. முதல் இரண்டைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. மூன்றாவதைக் கண்டால்தான் பயம். அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் சான் ரமோனில் எந்த ஓடைக்கரையில் நடந்தாலும் அந்தப் பயம் புரியும். காட்டு பிளாக்பெரி ஆளுயரத்துக்குப் புதராய் மண்டிக் கிடக்கும். அதன் கிளை வளைந்து நுனி எங்கே மண்ணைத் தொடுகிறதோ, அங்கே வேர்விட்டு இன்னொரு செடியாகிவிடும்.

பலகையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு விலக்கு. முள்ளில்லாத ரகத்தை அனுமதி வாங்கி வளர்க்கலாம். கம்பியில் கட்டி வைக்க வேண்டும். நுனி மண்ணைத் தொடக்கூடாது. செடியின் அடியில் முள்ளுள்ள தளிர் ஒன்று வந்தாலும் முழுச்செடியையும் வேரோடு எடுத்துவிட வேண்டும். இந்தக் கடைசி விதியை நான் எதற்குப் பயன்படுத்தினேன் என்பதை எழுதிவிடலாம் என்று இருக்கிறேன். எனக்கு எழுபத்து நான்கு வயதாகிறது. இனி ஒத்திப்போட இடமில்லை.

நான் சென்னையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவன். மனைவி போன பிறகு மகன் என்னை இங்கே அழைத்துக்கொண்டான். பொழுது போக வேண்டுமே என்று தோட்டத்தில் ஒரு பாத்தியும் எடுத்துக் கொடுத்தான். முதல் குளிர்காலத்திலேயே என் கறிவேப்பிலை கருகிவிட்டது. வெண்டை முழங்காலுக்கு மேல் வளரவில்லை. பக்கத்துப் பாத்தி ஒரு கோயம்புத்தூர்க்காரருடையது. என் வயதுதான் இருக்கும். மகள் வீட்டில் இருந்தார். ஊரில் மோட்டாருக்குக் கம்பிச்சுருள் கட்டும் பட்டறை வைத்திருந்தவர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். இதை நான் குறிப்பிடுவதற்குக் காரணம், அந்த நாட்களில் இதை நான் ஒரு நாளில் பத்து முறையாவது எனக்குள் சொல்லிக்கொள்வேன் என்பதுதான்.

என் மகன் என்னிடம் தினமும் இரண்டு கேள்விகள் கேட்பான். சாப்பிட்டாயிற்றா, மாத்திரை போட்டாயிற்றா. அவரிடம் அவன் பேசுவது வேறு மாதிரி. சனிக்கிழமை என்னைத் தோட்டத்தில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட வேண்டியவன், அவர் பாத்தியில் போய்க் குந்திக்கொள்வான். சொட்டு நீர்க் குழாய், டைமர், பம்ப் என்று ஒரு மணி நேரம் போகும். கடைசியில் அவர் பிளாஸ்கிலிருந்து எனக்கும் டீ ஊற்றுவார்.

"அங்கிள், இந்த டைமர்ல பிரஷர் டிராப் ஆகுதே, ஏன்?"

"தம்பி, அது பிரஷர் இல்லீங். வாஷர் தேஞ்சு போச்சு. உங்கப்பாதான் இயற்பியலு, அவரைக் கேளுங்க."

என்னைக் கேட்க மாட்டான். கேட்டிருந்தால் நானும் சூத்திரம்தான் சொல்லியிருப்பேன். அது எனக்கே தெரியும்.

ஒரு மார்ச் மாதம் என் மகன் அவரை நர்சரிக்கு அழைத்துப் போனான். முள்ளில்லாத பிளாக்பெரி ஒன்றை அவருக்கு வாங்கிக் கொடுத்து, அனுமதிப் படிவத்தையும் அவனே நிரப்பித் தந்தான். காரில் எனக்கும் இடம் இருந்தது. யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் வரவில்லை என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் கூப்பிட்டிருக்கலாம்.

முதல் வருடம் அது இலையாகவே நின்றது. எனக்குப் பரம சந்தோஷம்.

"என்ன, இலைக்கா தண்ணி ஊத்தறீங்க?" என்றேன்.

"ஆமாங்க புரபசர். இலை பாஸ் பண்ணினாத்தான பழம் காலேஜுக்கு வரும்?" என்றார். என் மகன் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

மறு வருடம் ஜூலையில் பழுத்தது. கட்டைவிரல் அளவுக்குக் கறுப்புப் பழங்கள், கம்பி நெடுகக் கொத்துக் கொத்தாக. என் மகன் விரலெல்லாம் ஊதாவாக நின்றுகொண்டே தின்றான். ஒரு டப்பா நிறைய வீட்டுக்கும் கொண்டுவந்தான்.

"டேஸ்ட் பண்ணிப் பாருங்கப்பா."

ஒன்றை வாயில் போட்டேன். "புளிக்குது," என்றேன்.

புளிக்கவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு இனிப்பான பழத்தை நான் தின்றதில்லை.

ஆகஸ்டில் ஒரு காலை நடையின்போது ஓடைக்கரையில் நின்றேன். காட்டுப் புதரின் ஓரத்தில் ஒரு சாண் உயரத்தில் புதுக்கன்று ஒன்று இருந்தது. அதைப் பார்க்கும் முன்பே கையில் சிறு களைக்கொத்தும் பிளாஸ்டிக் பையும் இருந்தன. ஆகவே திடீரென்று தோன்றியது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. தோண்டும்போது வலது முன்கையில் நீளமாக நான்கு கீறல்கள் விழுந்தன. தோட்டத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, அவருடைய செடியின் தூரை ஒட்டி, இலைச்சருகுக்கு அடியில் அதை நட்டேன். மூன்று நாளில் வாடியது. பயந்துபோய்த் தினமும் தண்ணீர் ஊற்றினேன். நண்பகல் வெயிலுக்கு ஒரு அட்டையைச் சாய்த்து வைத்து, கிளம்பும்போது எடுத்துவிட்டேன். வார நாட்களில் அவர் காலையில் வருபவர், நான் மதியம் போவேன். பிழைத்துக்கொண்டது. அமெரிக்காவில் நான் ஒழுங்காக வளர்த்த ஒரே செடி அதுதான்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை தோட்டப் பொறுப்பாளர் அம்மாள் பாத்தி பாத்தியாகப் பார்த்துக்கொண்டு வருவார். செப்டம்பரில் அவர் வந்தபோது நாங்கள் மூவரும் அங்கே இருந்தோம். அவர் குனிந்து சருகை விலக்கினார். முள்ளைக் கண்டார். வருத்தமாகத்தான் சொன்னார்: சில முள்ளில்லாத ரகங்கள் வேரிலிருந்து தளிர்த்தால் பழைய குணம் திரும்பிவிடும், விதி விதிதான், இன்றைக்கே எடுத்துவிட வேண்டும்.

"ஒரு சான்ஸ் கொடுங்க, அதை மட்டும் கட் பண்ணிடறோம்," என்று என் மகன் ஆங்கிலத்தில் மன்றாடினான். எனக்காக அவன் யாரிடமும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அந்த நிமிடத்திலும் நான் நினைத்தது இதைத்தான்.

கோயம்புத்தூர்க்காரர் செடியருகே வந்தார். உட்கார்ந்து, முள் தளிரின் இலை ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கம் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்திருந்தது. தன் செடியின் இலையையும் திருப்பினார். அது பச்சை. பிறகு நிமிர்ந்து என் முன்கையைப் பார்த்தார். கீறல்கள் இன்னும் முழுதாக ஆறவில்லை.

"கையில என்னங்க?"

"ரோஜா கிழிச்சிருச்சு," என்றேன். எங்கள் வீட்டில் ரோஜா இல்லை. எங்கள் வீட்டுக்குப் பலமுறை வந்திருக்கிறார், அவருக்கும் தெரியும்.

"சரி, எடுத்துடலாங்க," என்று அந்த அம்மாளிடம் தலையசைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தார். நானும் கூட நின்று வேரைப் பிடித்து இழுத்தேன். ஒரு கிளை மட்டும் தனியாக வளைக்கப்பட்டு, அதன் நுனி ஒரு பெரிய தயிர் டப்பாவுக்குள் புதைக்கப்பட்டிருந்தது. டப்பாவில் மண். கிளையை வெட்டிவிட்டு டப்பாவை என் கையில் கொடுத்தார்.

"உங்களுக்குன்னுதான் போன மாசம் போட்டு வெச்சனுங்க. மண்ணைத் தொடக்கூடாதுன்னுதான சட்டம், தயிர் டப்பாவைத் தொடலாமுல்ல. வேர் வுட்டிருக்கும். வீட்டுல தொட்டில வெய்ங்க."

அந்தக் குளிர்காலத்தில் அவர் மருமகனுக்கு தொலைதூர ஹூஸ்டனில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு அதையொட்டிய சுகர் லேண்டுக்குப் போய்விட்டார்கள். இனி சனிக்கிழமைகளில் மகன் என்னோடு இருப்பான் என்று நான் போட்டிருந்த கணக்கு பொய்த்தது. அவன் என்னை வாசலில் இறக்கிவிட்டு அப்படியே திரும்பிப் போனான். தொட்டியில் இருந்த செடி மட்டும் வளர்ந்தது. இரண்டாம் வருடம், அதாவது இந்தக் கோடையில், பழுத்தது. என்னால் ஒன்றைக்கூட வாயில் வைக்க முடியவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, தோட்டத்துக்குப் போகும் வழியில், காரில் மகனிடம் சொல்லிவிட்டேன். கன்று, களைக்கொத்து, அட்டை, எல்லாம். அவன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். கோபப்படுவான் என்று காத்திருந்தேன்.

"ஏம்பா?"

"நீ அவர்கிட்டதான் பேசற," என்றேன். சொன்ன பிறகு அது எவ்வளவு சின்ன காரணம் என்று எனக்கே புரிந்தது.

அவன் போனை எடுத்தான். "எங்கிட்ட சொல்லி என்ன பண்றது? அங்கிள்கிட்ட சொல்லுங்க," என்று நம்பரைப் போட்டு போனை நீட்டினான்.

"ஏனுங்க புரபசர், நல்லாருக்கீங்களா? தொட்டியில நுனி தொங்குதா? பாத்துக்கங்க," என்றார் எடுத்தவுடன்.

நான் பீடிகை இல்லாமல் சொன்னேன். மறுமுனையில் அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"தெரியுமுங்க. இலையைத் திருப்புனப்பவே தெரியும்."

"அப்பறம் ஏன் அந்தம்மாகிட்ட சொல்லலை?"

"தம்பி பக்கத்துல நின்னாப்ல. பையன் முன்னாடி அப்பனை எப்படீங்க சொல்றது? செடி போனா வேற வெச்சுக்கலாம். சொல்லிப்போட்டு, அப்பறம் சனிக்கிழமை நான் யாருகூட டீ குடிக்கறது?" கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஆனா மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சுங்க. ரெண்டு நாள் சாப்பாடு இறங்கலை," என்றார்.

மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன்.  அவர், பழம் எத்தனை காய்த்தது என்று கேட்டார். எண்ணவில்லை என்றேன்.

"தம்பி இருக்காப்லயா? குடுங்க."

போனைக் கொடுத்தேன். மகன் காரைவிட்டு இறங்கி, சாலையோரத்தில் நடந்துகொண்டே பேசினான். கண்ணாடி ஏற்றியிருந்ததால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அரை மணி நேரம் பேசியிருப்பான். நடுவில் ஒருமுறை தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். எதைச் சொல்லி அவர் சிரிக்க வைத்தார் என்று தெரிந்துகொள்ள எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. அந்தப் பழைய எரிச்சல் எழுந்ததையும் நான் மறைக்கப் போவதில்லை.

அவன் திரும்பி வந்து உட்கார்ந்தான். "என்ன சொன்னார்?" என்று கேட்டேன். என் மகனிடம் நான் ஒரு கேள்வி கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. அவன் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தான்.