பரிசலுக்காக நின்ற வாய்க்கால்

சென்னையிலிருந்து வந்து தஞ்சாவூர் ரயிலடியில் இறங்கியபோது காலை ஐந்தரை மணி. ஆவணி மாதம். தூறிவிட்டுப் போன மழையின் ஈரம் நடைமேடையில் கிடந்தது. இன்னும் கொஞ்சம் பெய்திருக்கலாம் என்று மண் முணுமுணுப்பது போல ஒரு வாசனை. தோளில் ஒரு பை, பைக்குள் ஒரு பட்டுப்புடவை, வயது நாற்பத்தாறு. என் கல்யாணத்துக்கு நானே ஒத்திகை பார்க்க வந்திருந்தேன். இதற்கு ‘ட்ரையல் டே’ என்று பெயராம். பெயர் வைத்தவர்கள் சென்னையில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து பிறர் கல்யாணத்தை நடத்தித் தருகிற ஒரு நிறுவனத்தார்.

எனக்கும் கதிரேசனுக்கும் தாய் தகப்பன் இல்லை. அவர் தோஹாவில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு இந்தச் சித்திரையில்தான் ஊர் திரும்பினார். ஐம்பது வயது. இருவருக்கும் முதல் கல்யாணம். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்கிறவர்கள் மீது எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. பந்தல் யாரிடம் சொல்வது, சமையலுக்கு யாரைப் பிடிப்பது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. பணத்தைக் கொடுங்கள், கவலையை எங்களிடம் விட்டுவிடுங்கள் என்றார்கள். கொடுத்தோம், விட்டோம். அவ்வளவுதான் நாங்கள் செய்தது. அதுவே அதிகம் என்று அன்று சாயங்காலத்துக்குள் தெரிந்துபோயிற்று.

ரயிலடி வாசலில் கதிரேசன் வாடகைக் காரோடு நின்றார். நாள் வாடகை மூவாயிரத்து இருநூறு, பெட்ரோல் சேர்த்து. ஓட்டுநர் பாஷா பாய், மதுக்கூர்க்காரர்.

“பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேரும் ஒரே வண்டியில, கல்யாணத்துக்கு முன்னாடியே. காலம் மாறிப்போச்சு,” என்றார் கண்ணாடியில் பார்த்து.

“எங்களுக்கு இதுக்கு மேல காத்திருக்க காலம் இல்ல பாய்,” என்றார் கதிரேசன்.

ஒரத்தநாடு வழியாகத் தெற்கே முப்பத்தொரு கிலோமீட்டர். சாலையின் இருபுறமும் உழுத சேறு வானத்தை வாங்கி வைத்திருந்தது. அங்கங்கே நாற்றங்கால்கள், பச்சை என்ற சொல் பிறந்த இடம் போல. நான் சன்னலை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். கைப்பேசியிலோ நிறுவனத்தார் அனுப்பிய ‘டெல்டா தீம்’ படங்கள் வந்து விழுந்தபடி இருந்தன. பிளாஸ்டிக் நெற்கதிர்த் தோரணம், தெர்மகோல் கோபுரம், சக்கரம் சுழலாத மாட்டுவண்டி. நெல் விளைகிற ஊருக்குச் சென்னையிலிருந்து லாரியில் பிளாஸ்டிக் நெல் வருகிறது. கோபுரம் நிற்கிற ஜில்லாவுக்குத் தெர்மகோல் கோபுரம் வருகிறது. இதைச் சொல்லிக் கத்தியிருக்க வேண்டும். “பரவாயில்ல, கடைசியில மாத்திக்கலாம்,” என்றார் கதிரேசன். அவருக்கு எல்லாமே பரவாயில்லை. அதனால்தான் அவரைப் பிடித்தது. அதனால்தான் சில சமயம் பற்றிக்கொண்டும் வருகிறது.

ஏழு மணிக்கு அந்த விடுதியை அடைந்தோம். வயலை வாங்கி, மேடாக்கி, புல் பதித்துக் கட்டியது. பின்புறம் ஒரு பாசன வாய்க்கால் போகிறது. அதற்குக் கருங்கல்லில் புதுப் படித்துறை கட்டியிருக்கிறார்கள், நூறு வருடமாக அங்கேயே இருப்பதுபோல் கறுப்புச் சாயம் பூசி. ஏமாற்று வேலைதான். ஆனால் வாய்க்கால்! ததும்பத் ததும்ப நின்றது. கரையோரத்து நாணல் இடுப்பளவு நனைந்து, தென்னையின் நிழல் கலையாமல் கிடந்தது. நான் ஊர் ஊராக அலைந்து எழுதுகிறவள். தண்ணீரைக் கண்டால் கோபம் மறந்துபோகிற பலவீனம் உண்டு. மறந்துபோயிற்று.

நிறுவனத்தின் சார்பில் நிவேதா என்ற இளம்பெண் காத்திருந்தாள். காதில் ஒரு கருவி, கையில் ஒரு கணினிப் பலகை, கண்ணில் பல நாள் தூங்காத களைப்பு.

“மேம், பிரைடல் என்ட்ரி பரிசல்ல. யாருமே பண்ணதில்ல.”

“இந்தப் பக்கம் யாரும் பரிசல்ல போறதில்லம்மா. அது ஒகேனக்கல்ல,” என்றேன்.

“அதான் மேம் யுனீக்.”

முகத்தில் மூன்று அடுக்குப் பூச்சு, தலையில் ஒரு கூடைப் பூ, பட்டுப்புடவை. பரிசலில் ஏற்றினார்கள். அது மெல்லச் சுற்றியது. ரோஜா இதழ் தூவினார்கள். கரையில் வீடியோக்காரர் பின்னாலேயே நடந்து வந்தார். சிரிக்கச் சொன்னார்கள், சொல்லாமலே சிரித்துக்கொண்டிருந்தேன் என்பதை மறைப்பானேன். கரையில் நின்ற கதிரேசன், தோஹாவில் நினைத்துக்கூடப் பார்த்திராத ஒரு காட்சியைப் பார்ப்பவர் போல வாயைத் திறந்தபடி இருந்தார்.

பதினொரு மணிக்கு அவர் தங்கை கமலா போன் செய்தாள். மத்தியானச் சாப்பாடு அவள் வீட்டில் என்று ஏற்பாடு. இங்கிருந்து நான்கு கிலோமீட்டர். அவள் புருஷன் திருப்பூரில் மில் வேலை. ஊரில் மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து அவள்தான் பயிர் செய்கிறாள்.

“அண்ணே, வரும்போது வாய்க்கால ஒரு பார்வை பாத்துட்டு வாங்க. நேத்தே தண்ணி வந்திருக்கணும். எங்க முறை. ஒரு சொட்டக் காணும். நாத்தங்கால் வெடிச்சுக் கெடக்கு.”

இந்தப் பகுதியில் வாய்க்கால்களுக்கு முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். ஒரு வாரம் இந்த வாய்க்காலுக்கு, அடுத்த வாரம் பக்கத்து வாய்க்காலுக்கு. கமலாவின் வயல் கடைமடை, வாய்க்காலின் கடைசி முனை. மேலே இருக்கிறவர்கள் எல்லாரும் வாங்கியபின் மிஞ்சுவது அவளுக்கு. முறை தவறினால் அடுத்த முறைவரை நாற்று தாங்காது. நாற்று போனால் மறுபடி விதைவிடப் பருவம் இருக்காது. அந்த வருடத்துச் சம்பா போயிற்று.

ஒப்பனையைக் கலைக்க நேரமில்லை. அப்படியே காரில் ஏறினேன். வாய்க்காலை ஒட்டியே மண்சாலை போகிறது. விடுதி மதிலைத் தாண்டி ஒரு சிறு மதகு. அதைத் தாண்டியதும் வாய்க்காலில் தண்ணீர் இல்லை. குறைந்திருக்கவில்லை, இல்லவே இல்லை. சேற்றில் செத்த மீன்களைக் கொக்குகள் பொறுக்கிக்கொண்டிருந்தன. பாஷா பாய் வண்டியை மெதுவாக்கினார். என் தலையிலிருந்த பூ மட்டும் வாசம் வீசியபடி இருந்தது.

“அக்கா, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க,” என்றார் பாய். “அந்த மதகுல பலகை போட்டிருக்கு. பாத்தேன்.”

“யாரு போட்டா?”

“பரிசல் சும்மா மெதக்குமாக்கா?”

கமலா வீட்டுக்குப் போகாமல் நேரே வயலுக்குப் போனோம். அவளும் இன்னும் இரண்டு பெண்களும் எங்கோ ஒரு கைப்பம்பிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து நாற்றங்காலில் தெளித்துக்கொண்டிருந்தார்கள். ஊற்றிய இடத்தில் ‘சுர்’ என்று ஒரு சத்தம். அப்புறம் ஈரம் இருந்த தடமே இல்லை. நாற்றின் நுனி பழுத்திருந்தது. கமலா நிமிர்ந்து, என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

“அண்ணே, என்ன, கல்யாணத்த முடிச்சே கூட்டிட்டு வந்துட்டீங்களா?”

கதிரேசன் தரையைப் பார்த்தார். பேச்சை நான்தான் எடுத்தேன். பரிசல், படித்துறை, பலகை, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவள் இடுப்புக் குடத்தை இறக்கவில்லை.

“இன்னும் வீட்டுக்குள்ளயே வரல, அதுக்குள்ள தண்ணிய நிறுத்திட்டீங்களே அண்ணி,” என்றாள். மற்ற இரண்டு பெண்களும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. “ஏறுங்க போவோம்.”

“சாப்பிட்டுட்டு, பேசி முடிச்சுக்கலாம் கமலா. முன்பணம் குடுத்தாச்சு,” என்றார் கதிரேசன்.

“நீங்க சாப்பிடுங்க. ரசம் அடுப்புல இருக்கு.”

அவர் சாப்பிடவில்லை. வந்தார்.

விடுதி மேலாளர் வெள்ளைச் சட்டையில் வாசலுக்கே வந்து வரவேற்றார். அவருக்கு வெட்கமோ பயமோ எதுவும் இல்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு எரிகிறது.

“எல்லா முகூர்த்தத்துக்கும் இப்படித்தாங்க பண்றோம். ரெண்டு நாள்தானே. மிச்சத் தண்ணி வடிகால்ல போயிரும், உங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல.”

“எங்களுக்குத் தண்ணிதாங்க வேணும். தொந்தரவு இல்லாம இருக்கறதுக்கா நாத்து விட்டிருக்கோம்?” என்றாள் கமலா.

“மேல மழை பெஞ்சா உங்களுக்கும் வந்துரும்மா.”

எல்லா முகூர்த்தத்துக்கும். அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். ஆனி முகூர்த்தம், ஆவணி முகூர்த்தம், வளர்பிறை, நல்ல நேரம். மேட்டில் ஒருத்திக்கு மாலை விழுகிறபோதெல்லாம் பள்ளத்தில் ஒருத்தியின் நாற்று வாடுகிறது. இரண்டுக்கும் நடுவே இரண்டு முழ அகலப் பலகை. பயிருக்குப் போகிற தண்ணீரைக் குடித்துத் தீர்த்தால்கூட மனசு ஆறும். நிற்கவைத்துப் படம் எடுத்துவிட்டு வடிகாலில் விடுவதற்கு என்ன பெயர்? இத்தனை நாள் சொற்களோடு புழங்கியும் எனக்கு அந்தச் சொல் கிடைக்கவில்லை.

நிவேதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “மேம், பரிசலுக்குத் தண்ணி நிக்கணும்னுதான் நான் கேட்டேன். எப்படி நிக்க வைப்பாங்கன்னு சத்தியமா தெரியாது. இன்னும் ஒரு ட்ரோன் ஷாட்தான். அஞ்சு மணிக்கு எடுத்துடலாமே?”

“அஞ்சு மணிக்குப் பலகை இருக்காதும்மா.”

“நான் ஆபீஸ்ல என்ன சொல்றது மேம்?”

அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வராததில் கொஞ்சம் ஏமாற்றம்.

கமலா அதற்குள் மதகில் இறங்கிவிட்டாள். முட்டிவரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பலகையைப் பிடித்து அசைத்தாள். தண்ணீரின் பாரம் அழுத்தியதில் அது அசையவில்லை. அப்போதுதான் கதிரேசன் செருப்பைக் கழற்றினார். எல்லாவற்றுக்கும் பரவாயில்லை சொல்கிற மனிதர், தங்கைக்குப் பக்கத்தில் இறங்கினார். நானும் இறங்கினேன், பட்டும் பூச்சும் பூவுமாக. பாஷா பாய் கரையிலிருந்து கார் ஜாக்கிக் கம்பியை நீட்டினார். முதல் பலகை கிளம்பியபோது தண்ணீர் ஒரு மாடுபோல முட்டிக்கொண்டு வந்தது. என் மல்லிகை அதோடு போயிற்று.

இரண்டாவது, மூன்றாவது பலகைகளும் வந்தன. விடுதிக்குப் பின்னால் மட்டம் சரசரவென்று இறங்கியது. படித்துறையின் கீழ்ப்படிகள் வெளியே வந்தன. தண்ணீர்க்கோட்டுக்குக் கீழே சாயம் பூச மறந்திருந்தார்கள், வெள்ளை வெளேரென்று பல்லை இளித்தன. வெள்ளோட்டம் பார்க்கப் பரிசலில் உட்கார்ந்திருந்த வீடியோக்காரர், ரோஜா இதழ்கள் சூழச் சேற்றில் குந்தினார். “அண்ணே, யாராச்சும் கை குடுங்க,” என்றார், காமிராவைத் தலைக்குமேல் பிடித்தபடி. பாஷா பாய்தான் போய்த் தூக்கிவிட்டார்.

மூன்று மணிக்கு நாங்கள் தண்ணீரோடு கிளம்பினோம். அது முன்னால், கார் பின்னால். வெடித்த சேற்றில் அது தயங்கித் தயங்கி, ஒவ்வொரு குழியையும் நிரப்பிவிட்டுத்தான் அடுத்த அடி வைத்தது. நடக்கிற வேகம்கூட இல்லை. கமலா இறங்கி அதோடு நடந்தாள். கிழக்குக் கரையில் ஓர் இடத்தில் நின்று, குப்பையைக் காலால் தள்ளி வழிவிட்டாள். அவள் வயலின் மடைக்குள் முதல் விரல்நீளத் தண்ணீர் நுழைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பாதி நாற்று பிழைக்கும் என்றாள். பாதி. அந்த மறுபாதியை யாரிடம் போய்க் கேட்பது?

சாப்பாடு ஆறிப்போயிருந்தது, சாப்பிட்டோம். கதிரேசன் நிறுவனத்துக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முன்பணம் திரும்பி வராதாம். இந்த ஊரிலேயே, கமலா வீட்டு வாசலில் பந்தல் போடலாம் என்று முடிவாயிற்று. ஐப்பசியில் நாங்கள் குறித்திருந்த தேதியைச் சொன்னேன். கமலா விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள்.

“அந்த வாரம் எங்க முறை. ஒருத்தரும் வரமாட்டோம், மடைய விட்டுட்டு. அடுத்த வாரம் வைங்க.”

“முகூர்த்தம் இல்லியே கமலா.”

“நல்ல நாள சோசியர் மாத்திக் குடுப்பாரு அண்ணி. முறைய எவன் மாத்திக் குடுப்பான்?”

ஆக, வாய்க்கால் காய்ந்து கிடக்கிற ஒரு வாரத்தில் எனக்குக் கல்யாணம்.

இரவு தஞ்சாவூர் வந்து ரயில் ஏறினேன். வண்டி கும்பகோணத்தை நெருங்கும்போது கைப்பேசியைத் திறந்தால், நிறுவனத்தின் வலைப்பக்கத்தில் நான். பரிசலில் சுற்றிக்கொண்டு, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டு. கீழே, அடுத்த முகூர்த்தத்துக்கு முன்பதிவு நடக்கிறது என்று எழுதியிருந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் இதயம் போட்டிருந்தார்கள். நிவேதாவைக் கூப்பிட்டேன். அதை எடுத்துவிடச் சொன்னேன். “நான் எடுக்க முடியாது மேம். நல்லா போயிட்டிருக்குன்னு சொல்றாங்க,” என்றாள் மெல்லிய குரலில். அந்தச் சிரிப்பு பொய்யில்லை, அதுதான் உறுத்துகிறது. இனி எவளோ ஒருத்தி அதைப் பார்த்து, எனக்கும் இப்படியே வேண்டும் என்பாள். சென்னையில் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீர் யாருடைய முறை என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இனிக் கேட்காமல் இருக்க முடியுமா, தெரியவில்லை.

மயிலாடுதுறை தாண்டியதும் கமலாவை அழைத்தேன். சன்னலுக்கு வெளியே நாற்றங்கால்கள் இருட்டில் இருந்தன.

“திரும்பப் பலகை போட்டுறப் போறாங்க கமலா.”

“எதப் போடுவாங்க? மூணும் நம்ம கொட்டாயில கெடக்கு. பாய் வண்டி மேல கட்டிக் கொண்டாந்துட்டேன்.”

“புதுசு வாங்குவாங்களே.”

“வாங்கட்டும். நாங்களும் போய் எடுத்துட்டு வருவோம்.” பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது, மடையிலேயே நின்று பேசுகிறாள். “நல்ல தேக்கு அண்ணி. மணைக்கு ஆகும். நீங்களும் அண்ணனும் அதுமேலயே உக்காந்து தாலி கட்டிக்கலாம்.”

“நான் அதுல உக்கார மாட்டேன்.”

“சரி, அப்ப வெறகு,” என்றாள்.